டார்க், லைட், நாளைக்கு

போன ஞாயிற்றுக்கிழமை காட்கோபரில் ஒரு பெரிய துணிக்கடையில் என்னைத் திருடன் என்று நினைத்துவிட்டார்கள். முழுத் திருடன் இல்லை, அரைத் திருடன். மறுநாள் என் மகன் முதன்முதலாக வேலைக்குப் போகவிருந்தான். அந்த ஆபீசுக்கு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வரலாமாம். செம்பூரில் எங்கள் வீட்டைச் சுற்றி நாலு கடை இருந்தும் அவனுக்கு இந்தக் கடைதான் வேண்டும். இரண்டு ஜீன்ஸைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். ஒன்று நாவல்பழத் தோலின் நிறம். இன்னொன்று கொடியில் காய்ந்து காய்ந்து வெளுத்த நீலக் கைலியின் நிறம்.

"அப்பா, டார்க்கா லைட்டா? ஜல்தி சொல்லுங்க. ட்ரையல் ரூம்ல லைன் நிக்குது."

இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன். நடக்கிறோம் என்பதே எனக்குத் தெரியவில்லை. கண்ணாடிக் கதவருகே காவலாளி கையை நீட்டி, "அங்கிள், பில் கிதர் ஹை?" என்று பில்லைக் கேட்டபோதுதான் நின்றேன். மகன் பின்னாலேயே ஓடிவந்து, எங்கப்பாவுக்கு எதையும் பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் திருப்தி என்று ஹிந்தியில் சொல்லி என்னை மீட்டான். அவனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு என்னைக் கேட்காமலே டார்க்கை எடுத்து பில் போட்டுக்கொண்டு வந்தான். நல்ல தேர்வுதான். ஆனால் நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தோளில் கிடந்த அந்த ஐந்து நிமிடத்தில் புது ஜீன்ஸின் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. கஞ்சியும் ஈர இரும்பும் கலந்ததுபோல ஒரு வாசனை. அது ஏறிய பிறகு நான் அந்தக் கடையில் இல்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் ஒரு காலத்தில் டார்க்கா லைட்டா என்று சொல்வதற்காகவே சம்பளம் வாங்கியவன். அப்படியும் ஓர் உத்தியோகமா என்று சிரிப்பீர்கள். என் அப்பாவும் சிரித்தார். பி.ஏ. வரலாறு படித்தவன் பம்பாய்க்குப் போய் பேண்ட் நிறம் பார்க்கிறான் என்று ஊரில் யாரிடமும் சொல்ல முடியாமல், "துணி ஆபீசில் இருக்கான்" என்றே கடைசிவரை சொல்லிவந்தார்.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் இருந்தது தங்கராஜ் அண்ணாச்சியின் யூனிட். தைத்து, வேறெங்கோ சலவைத்தொட்டியில் வெளுத்து வந்த ஜீன்ஸ்களை இங்கே காயவைத்து, நூல் வெட்டி, தேய்த்து, பெட்டியில் அடுக்கி தாதரில் ஒரு வியாபாரிக்கு அனுப்புவார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரே துணி, ஒரே நாளில் வெட்டியது, ஒரே தொட்டியில் வெளுத்தது என்றாலும் ஒரு பேண்ட் மாதிரி இன்னொன்று வராது. அண்ணன் தம்பிகளில் ஒருவன் மாநிறம், ஒருவன் கறுப்பு என்று இருப்பதில்லையா, அப்படி. ஒரு பெட்டியில் டார்க்கும் லைட்டும் கலந்துவிட்டால் கடையில் தொங்கவிடும்போது ஒன்று புதிதாகவும் ஒன்று பழையதாகவும் தெரியும். வியாபாரி பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் பெட்டிக்குப் போகும் முன் ஒவ்வொரு பேண்டையும் யாராவது பார்த்து, நீ டார்க், நீ லைட் என்று பிரிக்க வேண்டும்.

ஒருவர் கண்ணை அண்ணாச்சி நம்பமாட்டார். இரண்டு பேர் வேண்டும். மொட்டைமாடியில் ஒரு வெள்ளை விரிப்பு. அதன் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் பேண்டை விரித்து, ஒண்ணு ரெண்டு என்று எண்ணி இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்ட வேண்டும். டார்க் என்றால் மூடிய கை. லைட் என்றால் விரித்த கை. இரண்டும் ஒத்துப்போனால் அந்தந்தக் குவியலில் போடலாம். ஒத்துப்போகாவிட்டால் பேசக்கூடாது, வாதாடக்கூடாது. மூன்றாவதாக ஒரு குவியல் உண்டு, அதில் போட்டுவிட வேண்டும். அதற்குப் பெயர் நாளைக்கு. மறுநாள் காலையில், தூங்கி எழுந்த கண்ணோடு, அதே இரண்டு பேர் மறுபடி பார்க்க வேண்டும். இரவு ஒரு தூக்கம் போட்டால் கண் நியாயத்துக்கு வந்துவிடும் என்பது அண்ணாச்சியின் சித்தாந்தம்.

இன்னும் சில சட்டங்கள் உண்டு. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து பத்தரைக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குமேல் வெயில் மஞ்சளாகி எல்லா நீலத்தையும் கெடுத்துவிடும். நிறமுள்ள உடுப்பு போட்டுக்கொண்டு மாடிக்கு வரக்கூடாது. சிவப்புச் சட்டை போட்டவன் எதிரே இருந்தால் நீலம் வேறு நீலமாகத் தெரியும். மழைக்காலத்தில் தாராவி முழுக்க நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடக்கும்போது எங்கள் மாடியில் மட்டும் வெள்ளை பிளாஸ்டிக். கும்பார்வாடாவில் குயவர்கள் சூளை மூட்டிய அன்று காற்று எங்கள் பக்கம் திரும்பினால் வேலை கிடையாது, புகையில் எல்லாமே டார்க். பத்து பேண்ட் பார்த்ததும் கண்ணை எடுத்து எதிரே இருக்கும் சிமெண்ட் சுவரை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். சாம்பல் நிறம் கண்ணைக் கழுவிவிடும் என்பார் அண்ணாச்சி.

நான் சுவரைப் பார்க்கவில்லை. விரிப்புக்கு அந்தப் பக்கம் செண்பகம் இருந்தாள்.

செண்பகம் தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவள். பெற்றோருக்குச் சொந்த ஊர் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பேச்சு அப்பட்டமான எங்கள் பக்கத்துப் பேச்சு, நடுநடுவே ஹிந்தி வந்து விழும். மாடிக்கு வரும்போது மேலே ஒரு சாம்பல் துப்பட்டாவை இறுக்கிச் சுற்றிக்கொள்வாள். அண்ணாச்சி எனக்கு வைத்த பெயர் காலேஜ். அவளும் அப்படியே கூப்பிடுவாள், ஆனால் மரியாதையோடு.

"காலேஜு, கண்ண மூடி மூடித் தொறக்காதீய. பேண்டு ஓடிறாது."

அந்த மாடியை இப்போது நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஓர் ஈரமான நீல நிறம். நாலு வரிசைக் கொடியில் இடுப்பு கீழே, கால் மேலே என்று தலைகீழாகத் தொங்கும் ஜீன்ஸ்கள். காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து ஆகாயத்தில் நடக்கும். தூரத்தில் சயான் பக்கம் ரயில் போகும் சத்தம். மாஹிம் கழிமுகத்தின் வாசனை, பழகிவிட்டால் அதுவும் ஒரு வாசனைதான். விரலெல்லாம் நீலமாகி, இட்லியைப் பிட்டால் இட்லியிலும் லேசாக நீலம் ஒட்டும். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்குப் போய் காபி குடிக்க உட்கார்ந்தால் பரிமாறுபவர் என் நகத்தைப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரை வைப்பார். வேலை முடிந்து இறங்கிய பிறகும் கண் வேலையை விடாது. பஸ்ஸில் நிற்பவர்களின் கால்களை எல்லாம் டார்க், லைட் என்று பிரித்துக்கொண்டே வருவேன். ஆகாயத்தைக்கூட விடவில்லை. ஜூன் மாதத்தில் ஆகாயம் டார்க்.

எந்த ஜீன்ஸை யார் வாங்குவார்கள் என்பதும் எங்களுக்கு அத்துப்படி. மாட்டுங்காவில் ஆபீஸ் போகும் குடும்பத்துப் பிள்ளைகள் டார்க்தான் வாங்குவார்கள். சட்டையை உள்ளே விட்டால் தூரத்திலிருந்து பார்க்கும் அப்பாவுக்கு அது ஜீன்ஸ் என்றே தெரியாது, சாதாரண பேண்ட் என்று நினைத்துவிடுவார். தாராவிப் பையன்களுக்கு லைட். ஜீன்ஸ் போட்டிருக்கிறேன் என்று தெருமுனையிலேயே தெரிய வேண்டும் அல்லவா? அதைவிட, ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் லைட் ஜீன்ஸ் போட்டுக்கொண்டுதான் தாதரில் ரயில் ஏறுவார்கள். இரண்டு நாள் பயணம். கீழே உட்கார்ந்து, கதவருகே நின்று, சாம்பாரைக் கொட்டிக்கொண்டு திருநெல்வேலியில் இறங்கும்போது அது டார்க்கைவிட டார்க்காக இருக்கும். நானும் ஒருமுறை அப்படிப் போய் இறங்கியிருக்கிறேன். அம்மா முதலில் கேட்டது, "தண்ணி வசதி இல்லாத ஊராலே அது?"

செண்பகத்திடம் வருகிறேன். நிறம் பார்க்கும் வேலை திங்கள், புதன், வெள்ளி மட்டும்தான். செவ்வாய், வியாழன், சனிகளில் அவள் வேறொரு யூனிட்டில் பித்தான் வைக்கப் போவாள். நான் கீழே பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவேன். நாளைக்குக் குவியலில் ஏதாவது விழுந்தால் மட்டும் மறுநாள் காலையில் அவள் ஒரு மணி நேரம் இங்கே வந்துவிட்டுப் போக வேண்டும்.

முதல்முறை விழுந்தது நிஜமான கருத்து வேறுபாட்டில். நாலு பேண்ட். மறுநாள் செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். மாடியில் வேறு யாரும் இல்லை. நாலு பேண்டைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆனது. மீதி நேரம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்தோம். அவள் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். வீட்டிலேயே உட்கார்ந்து புடவைக்கு ஃபால் தைப்பவள். நாற்பது வயதுக்குள் கண் மங்கிவிட்டது. தையல் கை பழக்கத்தில் ஓடும், ஆனால் ஊசியில் நூல் கோக்க முடியாது. அதனால் செண்பகம் தினமும் கிளம்பும் முன் ஏழு ஊசியில் நூல் கோத்து ஜன்னல் திரையில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டு வருவாள். "ஏழும் தீந்துச்சுன்னா அன்னைக்கு வேல முடிஞ்சுது" என்று சிரித்தாள். பிறகு போய்விட்டாள். அன்று முழுவதும் நான் ஒட்டிய சீட்டுகளில் பாதி கோணல்.

அடுத்த புதன்கிழமை, நடுவாந்தரமாக ஒரு பேண்ட் வந்தது. நன்றாகப் பார்த்தால் லைட். அவள் கையை விரிப்பாள் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் எனக்கும் லைட்டாகத்தான் தெரிந்தது. ஒண்ணு, ரெண்டு. அவள் கை விரிந்தது. நான் மூடிய கையை நீட்டினேன்.

அவ்வளவுதான். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். நான் வாயால் சொல்லவில்லை, கையால் சொன்னேன். அதனாலோ என்னவோ போசனம் நன்றாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் ஐந்தாறு பேண்டை நாளைக்குக்குத் தள்ளினேன். மறுநாள் அவள் முன்னே அவற்றில் பாதியை ஒப்புக்கொள்வேன், மீதியை மறுபடி தள்ளிவைப்பேன். ஒரே மாதத்தில் வாரத்தின் ஆறு நாளும் அவள் மாடிக்கு வந்தாள். அந்தக் காலைகளில் என்ன பேசினோம் என்று கேட்டால் எனக்கு ஒன்றுமே கோவையாக நினைவில்லை. அவள் கால் கட்டைவிரலால் தரையில் கோடு கிழித்தது, தலைகீழாய் நடந்த ஜீன்ஸ்களின் நிழல் எங்கள்மேல் போய்ப்போய் வந்தது, அவள் சொன்ன எதற்கோ நான் சிரித்து டீ மூக்கில் ஏறியது. இவ்வளவுதான் இருக்கிறது. அவளிடம் சொல்ல வேண்டியதை நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். இந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை, கையில் ஒரு பட்டம், நகத்தில் நீலம். எதைச் சொல்லிப் பெண் கேட்பது?

ஆனால் அவள் சிரிப்பு குறைந்துகொண்டு வந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். கவனித்தேன் என்பதுதான் உண்மை. ஒரு பேண்டை நான் மாற்றிக் காட்டும்போது அவள் முன்புபோல என்னைக் கேலி செய்வதில்லை. குனிந்து அந்தத் துணியைப் பார்ப்பாள். துணியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள். கண்ணைக் கசக்கிவிட்டுச் சிமெண்ட் சுவரை அவள் பார்க்கும் நேரம் நீண்டுகொண்டே போயிற்று. ஒரு வியாழக்கிழமை மெல்லச் சொன்னாள்:

"எங்கம்மைக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதாம். மொதல்ல நெறந்தான் மாறித் தெரியுமாம்."

அப்போது சொல்லியிருக்கலாம். நான், "அதெல்லாம் ஒண்ணும் இருக்காது" என்றேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று பழமொழி உண்டு. கண் இரண்டும் நன்றாக இருந்து, சூரியனும் எதிரே நின்று, அப்போதும் கும்பிடாதவனுக்கு என்ன பழமொழி என்று எனக்குத் தெரியவில்லை.

தாதர் வியாபாரிக்குச் சரக்கு போக வேண்டிய ஒரு வெள்ளிக்கிழமை அண்ணாச்சி மாடிக்கு ஏறி வந்தார். கனத்த உடம்பு, படியேறி வந்தால் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குவார். மூச்சு வாங்கிக்கொண்டே நாளைக்குக் குவியலைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"என்னடே இது, நாளைக்கு நாளைக்குன்னு அம்பது உருப்படி கெடக்கு? மின்ன ரெண்டு மூணுதான கெடக்கும்? ரெண்டு பேருல யாரு கண்ணுல கோளாறு?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் செண்பகம் சொல்லிவிட்டாள்.

"எனக்குத்தான் அண்ணாச்சி. கொஞ்ச நாளாவே சரியாத் தெரியல. காலேஜு சரியாத்தான் பாக்காவ."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் விரிப்பைப் பார்த்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. "சரி பிள்ள, நீ கீழ நூலு வெட்டு. கண்ண எதுக்கும் காட்டிக்கோ" என்றுதான் சொன்னார். ஆனால் மாடி வேலைக்கு மதிப்பு வேறு. அங்கே உட்காருபவளின் கண்ணை அந்தச் சந்து முழுக்க மெச்சும். கீழே டியூப் லைட்டின் அடியில் ஒன்பது பெண்களோடு குனிந்து உட்கார்ந்து நூல் வெட்டுவதற்கு எந்தக் கண்ணும் போதும். அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினாள். இறங்கும்போது என்னைப் பார்த்து, தப்பு செய்தவள்போல லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை, மறக்கவும் முடியாது.

எனக்கு எதிரே அண்ணாச்சியின் மைத்துனர் பொன்ராஜ் வந்து உட்கார்ந்தார். அவர் எதற்கும் கையை மூடியேதான் நீட்டுவார். கை விரிக்கச் சோம்பல். குவியல் ஏறக்கூடாது என்று நானும் அவரோடு மூடினேன். அந்த மாதம் தாதருக்குப் போன பெட்டிகளில் பாதி டார்க் என்று போயிற்று, பாதி திரும்பியும் வந்தது. செண்பகம் இருந்தபோது ஒரு பெட்டிகூடத் திரும்பியதில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன், சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை மாட்டுங்கா மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். பூக்கடைகளுக்குப் பக்கத்தில் கீரை விற்பவளிடம் நின்றுகொண்டிருந்தாள். பையில் மூன்று கட்டு பொன்னாங்கண்ணி. என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுப் பையை மூடிக்கொண்டாள்.

"மண்டலம் பூரா தின்னா பகல்லயே நட்சத்திரம் தெரியுமாம். எங்கம்மதான் வாங்கிட்டு வரச் சொன்னா. தாராவில நல்ல கீர கெடைக்க மாட்டேங்கு, அதான் இம்புட்டுத் தூரம்."

தாராவிப் பக்கம் கடக்கும் ரயில்பாலம்வரை அவள் பையை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். மாட்டுங்காவின் மரங்களுக்கு அடியில், மல்லிகையும் காபிக்கொட்டை வறுக்கும் வாசனையும் கலந்த அந்தச் சாயங்காலத்தில், ஒரு மனிதன் தன் தப்பைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. பாலத்தின் படிவரை வந்து நான் சொன்னது இது: "பருப்பு போட்டுக் கடைஞ்சா நல்லா இருக்கும்."

அதற்கடுத்த வாரம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். மறுநாள் காலையில் மாடிப்படியில் வேகமாக ஏறிவரும் சத்தம் கேட்டது. பொன்ராஜ் டீ குடிக்கப் போயிருந்தார். நான் தனியாக விரிப்பின் முன்னே இருந்தேன். செண்பகம் மூச்சிரைக்க வந்து நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அப்படி அவளைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

"கண்ணு ஃபஸ்ட் க்ளாஸாம். மருந்து விட்டுப் பாத்தாவ. ஒரு புக்கு நெறைய கலரு கலராப் புள்ளி, அதெல்லாம் காட்டிப் படிக்கச் சொன்னாவ. ஒண்ணுகூடத் தப்பல. எங்கம்மைக்கு வந்தது எனக்கு வராதாம், அது வேறயாம்."

நான் ஏதோ சொன்னேன். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லியிருப்பேன். அவள் முகத்தில் சிரிப்பு மெல்ல அடங்கியது. அவள் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் விரிப்பின் அந்தப் பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்:

"அப்ப ஒங்களுக்குத்தான் காலேஜு. பயப்படாதீய. இப்பவே காட்டிட்டா சரி பண்ணிரலாமாம், டாக்டர்ட்ட கேட்டுட்டேன். எந்த லைன்ல நிக்கணும்னு எனக்குத் தெரியும். நா கூட வாரேன்."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அதையும் நோய் என்றே நினைத்தாள். முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தாள்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றேன். "நான் வேணும்னுதான் மாத்திக் காட்டினேன்."

"எதுக்கு?"

"செவ்வாய், வியாழன்லயும் நீங்க வரணும்னு."

அப்போது நான் என்ன எதிர்பார்த்தேன் தெரியுமா? இதைக் கேட்டால் அவளுக்கு எல்லாம் புரிந்துவிடும், கோபப்படுவாள், பிறகு அந்தக் கோபத்துக்குள்ளேயே எங்கேயோ சிரிப்பாள் என்று. அவ்வளவு முட்டாள்தனம் அந்த வயதில் எனக்கு இருந்தது.

அவள் நாளைக்குக் குவியலிலிருந்து ஒரு பேண்டை இழுத்து நடுவில் விரித்தாள். "ஒண்ணு, ரெண்டு" என்றாள். கையை மூடி நீட்டினாள். நானும் மூடிய கையை நீட்டினேன். அதை ஒதுக்கிவிட்டு இன்னொன்றை விரித்தாள். அவள் கை விரிந்தது, என் கையும் விரிந்தது. மூன்றாவது, நாலாவது. நடுவாந்தரம், மிகவும் சந்தேகமானது, ஒரு மாதமாக அங்கேயே கிடந்தது எல்லாவற்றையும் எடுத்து எடுத்துப் போட்டாள். பத்து பேண்ட். பத்துக்கும் எங்கள் கைகள் ஒன்றாகவே இருந்தன. அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, கையை மட்டுமே பார்த்தாள். பத்தாவதை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்கம்ம நாப்பது நாளாத் தூங்கல, காலேஜு."

இவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. படியில் அவள் இறங்கிப்போன சத்தம் வெகுநேரம் கேட்டதுபோல இருந்தது, மொத்தமே பதினான்கு படிதான்.

அன்றே அண்ணாச்சியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். காலம் கடந்து செய்தாலும் முழுதாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு. அவர் நம்பவில்லை. "ஏல, பொம்பளப் பிள்ள வேல போயிரக் கூடாதுன்னு அதுக்குப் பரிஞ்சு பேசுதியாக்கும். நல்ல மனசுலே ஒனக்கு" என்று முதுகில் தட்டினார். என் வாழ்க்கையில் என்னை நல்லவன் என்று ஒருவர் சொல்லி நான் அவ்வளவு கூனிக்குறுகியதில்லை. மறுநாள் முதல் செண்பகம் வரவில்லை. பாண்டுப் பக்கம் வீடு மாறிவிட்டார்கள், அங்கே ஏதோ கம்பெனியில் சேர்ந்துவிட்டாள் என்று நூல் வெட்டும் பெண்கள் சொன்னார்கள். ஒருமுறை பாண்டுப் ஸ்டேஷனில் இறங்கி, எந்தத் தெரு என்றும் தெரியாமல் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பினேன். பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? பருப்பு போட்டுக் கடைவதைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பேன்.

நானும் அடுத்த வருடம் அந்த வேலையை விட்டேன். செம்பூரில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை, பிறகு கல்யாணம், குழந்தை, எல்லோரையும்போல. இந்தக் கதை என் மனைவிக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் சொன்னேன். கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பொறாமை என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவள் செண்பகத்தின் கட்சி.

அந்தச் சந்துக்குப் போன வருடம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். அண்ணாச்சி காலமாகி வெகு நாளாகிறது. மாடி இருந்த இடத்தில் ஏழு மாடி நிற்கிறது. துணியின் நிறத்தைப் பார்த்துப் பிரிக்க இப்போது கருவி வந்துவிட்டதாம். அதோடு, அங்கங்கே வெளுத்து, முட்டியில் கிழிந்து, ஒரு கால் டார்க் ஒரு கால் லைட் என்று வருவதே நாகரிகம் ஆகிவிட்டது. எங்கள் மாடியில் அப்படி ஒன்று வந்திருந்தால் இருவரும் பயந்து எழுந்திருப்போம். சூளைப்புகைக்குப் பயந்து வேலையை நிறுத்துகிறவர்கள் இல்லை, வெள்ளை பிளாஸ்டிக் இல்லை, ஆகாயத்தில் தலைகீழாய் நடந்த அந்த நீலக் கால்கள் இல்லை.

அவையெல்லாம் போனதில் எனக்குப் பெரிய துக்கம் இல்லை, நண்பரே. இந்த ஊரில் எதுவும் இருபது வருடம் இருந்த இடத்தில் இருப்பதில்லை. பிறகு எத்தனையோ பேர் என்னோடு அன்பாக இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள். ஆனால் நான் ஒன்று சொல்லி, தன் கண்ணுக்கு அது வேறாகத் தெரிந்தால், யாரும் என்னைத்தான் சந்தேகப்படுவார்கள், அதுதான் நியாயமும். என் கை பொய் சொல்லும் என்று ஒரு நாளும் தோன்றாமல், தன் கண்தான் கெட்டுவிட்டது என்று பயந்துகிடந்த ஒருத்தி ஒரு காலத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கடைசி நிமிடத்தில்கூட அவள் என் கண்ணுக்காகத்தான் பயந்தாள். அப்படி என்னை நம்பியவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.